தவிட்டுக்கு வாங்கியவள்

திரையில் டி.என்.ஏ. மரம் விரிந்ததும் எல்லோரும் தத்தம் எண்ணைத் தேடினார்கள். அவளும் தேடினாள். பதினொன்று இருந்தது. அதன் பக்கத்தில் அம்மா இல்லை.

அம்மாவுக்குக் கொடுத்த எண் பதினொன்று-அ. அது மரத்தின் மறுகோடியில் தனியாக நீட்டிக்கொண்டிருந்தது. மற்ற ஜோடிகள் எல்லாம் ஒரே காம்பில் இரட்டை இலையாக ஒட்டியிருந்தன.

கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். மரம் மாறவில்லை.

கோடை விடுமுறையில் கல்லூரி மாணவர்களை வரவழைத்துப் பரிணாம ஆராய்ச்சி பழக்கும் கூடம் அது. முக்கியமான வேலை மாவு வண்டுகளோடு. ஒவ்வொரு தலைமுறையிலும் அவை எப்படி மாறுகின்றன என்று மாவைச் சலித்துச் சலித்து எண்ணவேண்டும். கைப்பழக்கத்துக்காக மேடம் அதற்கு முன்னால் ஒரு சின்னப் பாடம் வைத்திருந்தார். அவரவர் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்துக் குழாயில் போடவேண்டும். அம்மாவிடம் கேட்டு, சம்மதித்தால் அவருடையதையும் தபாலில் வரவழைக்கவேண்டும். தாய்வழியாக மட்டுமே இறங்கும் ஒரு துண்டு டி.என்.ஏ. உண்டு. அதை அம்மா மகனுக்கும் கொடுப்பாள், மகளுக்கும் கொடுப்பாள். மகள் அதைத் தன் பிள்ளைக்குக் கொடுப்பாள். மகனோடு அது நின்றுபோகும். அந்தத் துண்டைப் படித்து மரம் வரைந்தால் தாயும் பிள்ளையும் ஒரே இடத்தில் வந்து உட்காரவேண்டும். பெற்ற தாய் என்றால் வேறு வழியில்லை.

"பேரு எழுதாதீங்க, எண் மட்டும் போதும்" என்று மேடம் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார். "யாரோட எண் எதுன்னு அவங்கவங்களுக்குத் தெரிஞ்சா போதும். இஷ்டமில்லாதவங்க என்கிட்ட வாங்க. வண்டோட டி.என்.ஏ. தரேன்."

யாரும் வண்டைக் கேட்கவில்லை.

மேடம் இப்போது கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையை உற்றுப் பார்த்தார்.

"ஒரு ஜோடி பிரிஞ்சிருக்கு. குழாய் மாறியிருக்கும். இல்லன்னா வேற யார் எச்சிலாவது கலந்திருக்கும். புதுக் கைல இதெல்லாம் சகஜம்."

அவளுடைய அறைத்தோழி, எல்லோரும் வாயாடி என்று கூப்பிடுபவள், சும்மா இருப்பாளா? "ஆஸ்பத்திரியில யாரோ மாறிப் போயிட்டாங்க மேடம்! யாருப்பா அது, கையத் தூக்குங்க. எங்கேயோ ஒரு பணக்கார அம்மா உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க!"

கூடமே சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் தெரிந்துவிடும்.

"வாய மூடு" என்றார் மேடம். "யாரோட எண்ணா இருந்தாலும் தனியா வந்து என்னைப் பாக்கலாம். பாக்காமலும் இருக்கலாம்."

அவள் போய்ப் பார்க்கவில்லை. சல்லடையை எடுத்துக்கொண்டு ஜன்னலோர மேசைக்குப் போனாள். மாவைக் கொட்டிச் சலித்தாள். மாவு இறங்கியது, வண்டுகள் மேலே நின்றன. எண்ண ஆரம்பித்தாள். எண்ணிக்கை தப்பியது. முதலிலிருந்து எண்ணினாள். மறுபடி தப்பியது. வண்டுகள் சல்லடையின் விளிம்பில் ஏறி ஏறி விழுந்தன.

*

சத்தமில்லாமல் நடக்கிறாள் என்று அவளுக்குப் பூனை என்று பெயர் வைத்தது வாயாடிதான். விடுதியில் இருவருக்கும் ஒரே அறை. அன்று சாயங்காலம் வாயாடி துணி துவைக்கப் போன நேரத்தில் அவள் கண்ணாடி முன் நின்றாள்.

அம்மாவுக்கு நெற்றி அகலம். அவளுக்கு இல்லை. அம்மாவின் காதுமடல் தொங்கும். அவளுடையது ஒட்டியிருக்கும். காதுமடலை வைத்து எதுவும் சொல்லக்கூடாது, அது பாட்டிக் கதை என்று மேடம் சொல்லிக்கொடுத்திருந்தார். அவளும் எழுதிக்கொண்டிருந்தாள். இருந்தாலும் மடலை இழுத்து இழுத்துப் பார்த்தாள். அது சிவந்தது.

சின்ன வயதில் அப்பா சொல்வார்: "உன்னைத் தவிட்டுக்குத்தானே வாங்கினோம். ரெண்டு படி தவிடு. அதுலயும் கடைக்காரன் அரைப்படி திருப்பிக் கொடுத்துட்டான், பொண்ணு ரொம்ப அழுவுதுன்னு." எந்த வீட்டில்தான் பிள்ளைகளிடம் இதைச் சொல்லவில்லை? அவள் அழுவாள். அப்பா சிரிப்பார். அம்மா சிரித்ததாக ஞாபகம் இல்லை. "போதும் விடுங்க" என்பாள். அவ்வளவுதான்.

அப்போது அது சாதாரணமாகத் தெரிந்தது. இப்போது அந்த 'போதும் விடுங்க' காதில் வேறு மாதிரி ஒலித்தது. வெறும் விளையாட்டு என்றால் அம்மாவுக்கு ஏன் சிரிப்பு வரவில்லை?

இன்னும் தோண்டினாள். அம்மா வயிற்றில் பிள்ளையோடு நிற்கும் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. தம்பி தங்கை இல்லை. ஏன் என்று யாரும் சொன்னதில்லை. தோண்டத் தோண்டப் பூதம் கிளம்பியது. பத்தொன்பது வயது வரை கண்ணில் படாதவை எல்லாம் ஒரே சாயங்காலத்தில் சாட்சி சொல்ல வந்து வரிசையில் நின்றன.

போனை எடுத்தாள். அம்மா உடனே எடுத்தாள்.

"சாப்டியா?"

"ம். நீ?"

"ஆச்சு. ஏன் குரல் ஒரு மாதிரியா இருக்கு? சளியா?"

"இல்லம்மா. மாவுத் தூசி. அம்மா, அந்தப் பஞ்சுக்குச்சி அனுப்பினேனே, அது நீதானே தேய்ச்சே?"

மறுமுனையில் குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம். அது நின்றது.

"ஆமா. வேற யாரு?"

"சும்மா கேட்டேன்."

"ஏன், அதுல என்ன?"

"ஒண்ணுமில்ல. இங்க ஒருத்தியோடது குழம்பிப்போச்சு. அதான் எல்லாரையும் கேக்கச் சொன்னாங்க."

"என்ன குழம்பிச்சு?"

அம்மா இப்படிக் கேட்கிறவள் இல்லை. படிப்பு விஷயம் பேசினால் 'சரி சரி, உடம்பப் பாத்துக்க' என்று முடித்துவிடுவாள். இன்று கேட்கிறாள். குரலில் பயம் இருந்தது. அந்தப் பயம் போன் வழியாக அவள் கைக்கு வந்து சேர்ந்தது.

"எனக்குத் தெரியாதும்மா. வெச்சுடறேன்."

மடியில் கனம் இருப்பவருக்குத்தானே வழியில் பயம். அம்மாவின் மடியில் என்ன கனம்?

ஈரத் துணியோடு வாயாடி உள்ளே வந்தாள். "என்னடி பூனை, இருட்டுல உக்காந்திருக்கே? லைட்டப் போடு. பூனை கண்ண மூடிக்கிட்டா பூலோகம் இருண்டுடுமா?"

அவள் விளக்கைப் போட்டாள்.

*

மறுநாள் கூடத்தில் சீனியர் மட்டும் இருந்தான். முனைவர் பட்டத்துக்குப் படிப்பவன். பயிற்சிக்கு வந்தவர்களை மேய்ப்பது அவன் பொறுப்பு. எல்லோரும் அவனைச் சீனியர் என்றுதான் கூப்பிடுவார்கள், மேடம்கூட.

"மேடம் பதினொண்ண மறுபடி பாக்கச் சொல்லியிருக்காங்க" என்றான். "ஆளுக்கு ரெண்டு குச்சி வாங்கினோம்ல? ரெண்டாவது குச்சியிலிருந்து எடுத்துப் படிச்சிட்டேன். ராத்திரி எந்திரத்துல போட்டேன், இப்பதான் வந்துச்சு."

"என்ன வந்துச்சு?"

"அதேதான். குழாய் மாறல. பதினொண்ணு-அ வேற யாரோடவும் ஒத்துப்போகல." சொல்லிவிட்டு நிமிர்ந்தான். அவள் முகத்தைப் பார்த்தான். அவன் முகம் மெல்ல மாறியது. "அடடா. உன்னோடதா?"

அவள் தலையாட்டினாள்.

சீனியர் எழுந்து கதவைச் சாத்தினான். திரும்ப வந்து, என்ன செய்வது என்று தெரியாமல், நாற்காலியை அவள் பக்கம் தள்ளினான்.

"உக்காரு. இங்க பாரு, கதை கட்டாத. முதல்ல நம்ம கையத்தான் சந்தேகப்படணும். உங்க குழாய எல்லாம் பிரிச்சு வெச்சது நான். அன்னைக்கு வாயில துணி கட்டாம உங்களுக்கு விளக்கிக்கிட்டே இருந்தேன். என் எச்சில் தெறிச்சிருக்கலாம்."

"ரெண்டு குழாயிலயுமா?"

"நான் பேசற பேச்சுக்கு ரெண்டென்ன, இருபதுலகூடத் தெறிக்கும்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பாடம் காட்டுவதற்காக அவன் முன்பே தன்னுடைய துண்டையும் படித்து வைத்திருந்தான். அதைப் பதினொன்று-அ வோடு ஒட்டிப் பார்த்தான். ஒட்டவில்லை. அவன் உதட்டைப் பிதுக்கினான்.

"சரி. இன்னொண்ணு இருக்கு. குருவிக் குஞ்சு ஆணா பெண்ணான்னு பாக்க ஜெல்லுல டி.என்.ஏ.வ ஓட விட்டுக் கோடு பாத்தோமே, அதே மாதிரி மனுஷருக்கும் ஒண்ணு உண்டு. பெண்ணா இருந்தா ஒரு கோடு. ஆணா இருந்தா ரெண்டு கோடு. அந்த எச்சில் ஆம்பளயோடதா பொம்பளயோடதான்னாவது தெரியும்."

"ஒரு கோடுதான் வந்தா?"

அவன் எழுந்து குழாய்களை எடுத்துவந்தான்.

அவளே செய்தாள். அளந்தாள். ஒரு சொட்டு மேசையில் விழுந்தது. துடைத்துவிட்டு மறுபடி எடுத்தாள். எந்திரம் சூடாகிக் குளிர்ந்து சூடாகிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அவள் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். ஒரு கோடு என்றால் அந்தக் குச்சியைத் தேய்த்தவள் ஒரு பெண். வீட்டில் ஒரே ஒரு பெண்தான் இருக்கிறாள். அவள் தன்னைப் பெறவில்லை. அப்புறம் கேள்வியே இல்லை. வீட்டுக்குப் போய் அந்தக் கதவைத் தட்டவேண்டும். திறப்பவளை என்ன சொல்லிக் கூப்பிடுவது?

ஜெல்லை எடுத்து விளக்குப் பெட்டிமேல் வைத்தார்கள். சீனியர் மூடியை இறக்கினான். ஊதா வெளிச்சம். அவள் தடத்தில் ஒரு கோடு. பக்கத்துத் தடத்தில் இரண்டு.

இரண்டு கோடு.

"ஆம்பள!" என்று கத்தினான் சீனியர். "பதினொண்ணு-அ ஆம்பள! உங்கம்மா மீசை வெச்சிருப்பாங்களா?"

ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. அப்புறம் எல்லாம் புரிந்தது. குச்சியைத் தேய்த்தது அப்பா. அப்பாவுக்கு அந்தத் துண்டு அவர் அம்மாவிடமிருந்து வந்தது. அது அவரோடு நின்றுவிடும். மகளுக்கு வராது. ஒட்டாது. ஒட்டவே ஒட்டாது!

அவள் மேசையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பா அழுகையா என்று சீனியருக்குச் சந்தேகம் வந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

*

அப்பா லிப்ட் பழுது பார்ப்பவர். போனை எடுத்தபோது ஏதோ ஒரு கட்டடத்தின் லிப்ட் குழிக்குள் நின்றிருந்தார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"சொல்லு பாப்பா."

"அப்பா, திருட்டு வேலை பண்ணீங்களா?"

"எது?"

"பஞ்சுக்குச்சி. யார் வாயில போச்சு அது?"

அப்பா கடகடவென்று சிரித்தார். குழி முழுக்க எதிரொலித்தது. "கண்டுபிடிச்சிட்டீங்களா! எப்படி? பீடி நாத்தம் வந்துச்சா?"

"விளையாடாதீங்கப்பா. என் உயிரே போயிடுச்சு. நான் உங்க பொண்ணே இல்லன்னு... அம்மா பொண்ணு இல்லன்னு வந்துச்சு. தெரியுமா?"

சிரிப்பு நின்றது. "அய்யய்யோ. அப்படியா வரும்? அப்பா அம்மா ரெண்டு பேருல யாரோடதா இருந்தா என்னன்னு நெனச்சேன் பாப்பா. ரெண்டும் ஒரே பிள்ளைதானே. உனக்கு மார்க் கொறஞ்சிடக் கூடாதேன்னு... அடப் பாவமே. உன்னப் பெத்தெடுக்க உங்கம்மா பட்ட பாட்டை வாசல்ல நின்னு கேட்டவன் நான். அதுக்கப்புறம் இன்னொண்ணு வேணாம்னு நான்தான் சொன்னேன். போதுமா?"

போதும். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நடைவழியில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். வெயில் ஜன்னலில் விழுந்திருந்தது. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. போனை வைத்திருக்கலாம். அவள் வைக்கவில்லை.

"அம்மா ஏம்ப்பா தேய்க்கல?"

"அவ ஒரு பைத்தியம். வேணாம்னுட்டா."

"கேட்டதுக்கு நான்தான் தேய்ச்சேன்னு சொன்னாங்களே. ஏன் பொய் சொல்லணும்?"

குழிக்குள் ஏதோ இரும்பு இரும்பில் தட்டியது. அப்பா யாரிடமோ "மேல போய் நில்லு, வரேன்" என்றார். அப்புறம் தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது.

"அப்பா?"

"உங்க பெரியம்மா எதுல போனாங்கன்னு உனக்கு என்ன சொல்லியிருக்கு?"

"மூளைக்காய்ச்சல்."

"காய்ச்சல் இல்லம்மா."

அம்மாவின் அக்கா. அவளுக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது போனவர். அவளை அந்த வீட்டுக்குக் கூட்டிப்போகவே மாட்டார்கள்.

"முதல்ல கையிலேருந்து சாமான் நழுவும். அப்புறம் கைகால் தன்பாட்டுக்கு ஆட ஆரம்பிச்சுது. பேச்சு குழறுச்சு. கடைசியில எங்களையே யாருன்னு தெரியல. நாப்பத்தாறு வயசு. அது ரத்தத்துல வர்ற நோயாம். டாக்டர் அன்னைக்கே சொன்னார், கூடப் பொறந்தவங்களும் சோதிச்சுப் பாத்துடுங்கன்னு. உங்கம்மா மாட்டேன்னுட்டா. தெரிஞ்சு என்ன பண்ணப்போறோம், மருந்தா இருக்குன்னு கேட்டா. நீ அந்தக் குச்சிய அனுப்பினதும், வாங்கினா, பாத்தா, என் கையில கொடுத்துட்டு உள்ள போய்ப் படுத்துட்டா. இதுல எல்லாம் தெரிஞ்சிடும், என் பொண்ணு கண்ணாலயே பாத்துடுவாளேன்னு சொன்னா."

"அதுல அதெல்லாம் தெரியாதுப்பா. அது வேற துண்டு."

"எங்களுக்கு என்ன தெரியும்?"

கேட்கக்கூடாது என்று நினைத்தாள். கேட்டாள்.

"அம்மா இப்ப எப்படி இருக்காங்க?"

"நல்லாத்தான் இருக்கா."

"அப்பா."

"தையல் கடைக்குப் போறதில்ல. நீ கிளம்பினதிலேருந்து. ஊசியில நூல் கோக்க வரல. கண்ணு மங்கிடுச்சு, கண்ணாடி மாத்தணும்னு சொல்றா. கண்ணாத்தான் இருக்கும். இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதானே. என்ன பாப்பா?"

*

சல்லடை மேசைக்குத் திரும்பினாள். வேலை கிடந்தது. மாவைக் கொட்டினாள். சலித்தாள்.

இந்தக் கணக்கு அவளுக்குத் தெரியும். பரீட்சையில் முழு மதிப்பெண் வாங்கிய கணக்கு. பெரியம்மாவுக்கு வந்தது என்றால் அவர்களைப் பெற்றவர்களில் ஒருவரிடம் இருந்தது. அம்மாவுக்கு வர, பாதிக்குப் பாதி. அம்மாவுக்கு இருந்தால் தனக்கு வர, மறுபடி பாதிக்குப் பாதி. காசைச் சுண்டிவிடுவது போலத்தான். காசு எப்போதோ விழுந்துவிட்டது. யாரும் குனிந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

நேற்று இதே மேசையில் உட்கார்ந்து, அவள் என் அம்மாவாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தாள். இன்று ஒரே ஒரு கணம், இல்லாமல் இருந்திருக்கக்கூடாதா என்று தோன்றிவிட்டது. ஆஸ்பத்திரியில் மாறிப் போனவளாக, ரெண்டு படி தவிட்டுக்கு வந்தவளாக இருந்தால் இந்தக் கணக்கில் தனக்கு இடமே இல்லை. அந்த நினைப்பு வந்த வேகத்தில் உடம்பு கூசியது. யாராவது கேட்டுவிட்டார்களா என்பது போலச் சுற்றிலும் பார்த்தாள்.

வாயாடி பக்கத்தில் வந்து நின்றாள். "ஏய், அந்தப் பதினொண்ணு ஆம்பளயாமே! சீனியர் சொன்னாரு. எந்த அப்பனோ பொண்டாட்டிக்குப் பதிலா வாயைத் திறந்திருக்கான். நான் சிரிச்சுச் சிரிச்சு செத்தேன்."

"ம்."

"என்ன 'ம்'? சிரிடி."

"நூத்து நாலு" என்றாள். "எண்ணிக்கிட்டு இருக்கேன். கெடுக்காத."

மேடம் கண்ணாடி அறையிலிருந்து எட்டிப் பார்த்து, பொதுவாகச் சொன்னார்: "பதினொண்ணு யாரா இருந்தாலும் சரி, வேணும்னா அம்மாகிட்ட புதுக் குச்சி அனுப்பி வாங்கிக்கலாம். மரம் முழுசா இருக்கும். இல்ல, விட்டுடலாம். உங்க இஷ்டம்."

புதுக் குச்சிகள் மேடத்தின் மேசையில் ஒரு டப்பாவில் இருந்தன. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அவள் எழுந்து போகவில்லை. அந்தச் சோதனையில் ஒன்றும் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் குச்சி போனால், அதைக் கையில் வாங்கும் அம்மாவுக்கு அது தெரியாது.

சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படிக்குக் கீழே போய் நின்று போன் செய்தாள். இந்த முறை கொஞ்சம் நேரம் மணி அடித்தது.

"என்னம்மா, இந்த நேரத்துல?" அம்மாவின் குரல். "அப்பா போன் பண்ணாரா?"

"இல்லயே. ஏன்?"

"சும்மா. அந்தக் குழம்பினது என்னாச்சு?"

அவள் சுவரில் சாய்ந்தாள். பொய் தயாராக இருந்தது. அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொன்று சொல்லியாயிற்று. மூன்றாவது தன்னுடையதாக இருந்துவிட்டுப் போகட்டும்.

"சரியாயிடுச்சு. என்னோடது உன்னோட அப்படியே ஒட்டிக்கிச்சு. நான் உன் பொண்ணுதானாம்."

"அதச் சொல்ல ஒரு மிஷினா?" அம்மா சிரித்தாள். உடனே சிரிப்பை விட்டாள். "வேற ஒண்ணும் வரலையா அதுல?"

"வேற ஒண்ணும் வராதும்மா. அதுல அது ஒண்ணுதான் தெரியும்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

அம்மா மூச்சை விட்டது நன்றாகக் கேட்டது. எத்தனை நாளாக அடக்கி வைத்திருந்தாளோ.

"சரி, போய்ச் சாப்பிடு. வெச்சுடவா?"

"வெக்காதம்மா. பேசு."

"என்ன பேச?"

"ஏதாவது. மேல் வீட்டுக்காரங்க குழாய சரி பண்ணாங்களா?"

"எங்க பண்ணாங்க! அது ஒரு பெரிய கதை" என்று அம்மா தொடங்கினாள். மேல் வீட்டுக்காரர், அவர் மச்சான், வராத பிளம்பர், வந்தும் குறடு மறந்த பிளம்பர் என்று கதை வளர்ந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். பிளம்பர் சரியாக வந்தது. குறடு சரியாக வந்தது. மச்சான் என்ற இடத்தில் நாக்கு கொஞ்சம் தட்டியதா, இல்லை எப்போதும் அப்படித்தான் சொல்வாளா? அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் அம்மா எப்படிப் பேசுகிறாள் என்று ஒருநாளும் கவனித்ததில்லை.

"என்னடி, சத்தத்தையே காணோம்?" என்றாள் அம்மா.

"கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்மா. நீ சொல்லு. அந்த மச்சான் என்ன பண்ணாரு?"